மின் மோட்டார் வண்டியும் விரைவின் விலையும்

ஒரே பண்டம் ஒரே கடைத்தெருவில் மூன்று விலைக்கு விற்கப்படுமாயின், அதற்குக் காரணம் கேட்பது வாங்குவோர் உரிமை. மின்சாரத்தால் ஓடும் மோட்டார் வண்டிகள் நம் நாட்டுச் சாலைகளில் பெருகத் தொடங்கிய பிறகு, இத்தகைய கேள்வி ஒன்று நம் ஆசிரியர் அறைகளிலும் எழுந்துள்ளது. வீட்டு மீட்டரில் மின்சாரம் யூனிட்டுக்கு 44 காசை ஒட்டி நிற்கிறது. பேரங்காடியின் வண்டி நிறுத்துமிடத்தில் மெதுவாக ஏற்றும் கருவி, அதே யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு வெள்ளி கேட்கிறது. நெடுஞ்சாலை ஓய்விடத்தில் விரைந்து ஏற்றும் கருவியோ ஒன்றரை வெள்ளியும் அதற்கு மேலும் கேட்கிறது. மூன்றும் தெனாகா நேஷனல் நிறுவனத்தின் கம்பி வழியே வரும் மின்சாரந்தான். அதில் முதல்தரம், இரண்டாந்தரம் என்ற வேறுபாடும் இல்லை. பின், எதற்காக இந்த விலை வேறுபாடு?

'விரைவாகக் கொடுக்கிறான், கூடுதலாக வாங்குகிறான்' என்று ஒரே வரியில் விடை கூறிவிடுவோர் உண்டு. அவ்விடை தவறன்று, ஆயினும் அது முழு விடையும் அன்று. விரைவுக்கு ஏன் விலை உண்டு, அவ்விலை யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்பவற்றை அறிந்தால்தான், எங்கே எவ்வளவு கொடுக்கலாம், எங்கே கொடுக்க வேண்டியதில்லை என்று நாம் தீர்மானிக்க இயலும். புதிதாக வண்டி வாங்க எண்ணும் இளம் ஆசிரியர்கள் என்னிடம் இதனைக் கேட்கும்போதெல்லாம் கரும்பலகையில் இரண்டு சொற்களை எழுதித்தான் தொடங்குகிறேன். ஒன்று ஆற்றல், மற்றொன்று திறன்.

பேச்சு வழக்கில் இவ்விரண்டையும் ஒரே பொருளில் வழங்கிவிடுகிறோம். விஞ்ஞானத்தில் அவ்வாறு வழங்க இடமில்லை. தோட்டத்து லயத்தில் ஒரு பொதுக் குழாய் இருப்பதாகக் கொள்வோம். அதிலிருந்து மொத்தம் எத்தனை வாளித் தண்ணீர் பிடித்தோம் என்பது ஒரு கணக்கு. நிமிடத்திற்கு எத்தனை வாளி கொட்டும்படியாக அந்தக் குழாய் அமைந்துள்ளது என்பது வேறொரு கணக்கு. முதலாவது ஆற்றல்; அதனைக் கிலோவாட் மணி என்று அளக்கிறோம், மக்கள் வாயில் அதுவே யூனிட். இரண்டாவது திறன், அதன் அளவு கிலோவாட். ஒரு கிலோவாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் செலவாகும். இந்த ஒரு வாய்ப்பாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வரும் கணக்குகள் யாவும் ஐந்தாம் ஆண்டு மாணவனுக்கும் எட்டும்.

கலைச்சொல் பற்றியும் இவ்விடத்தில் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் 'சார்ஜ்' என்னும் சொல், மின்சாரம் ஏற்றுவதையும் குறிக்கும். அதற்காக வாங்கும் பணத்தையும் குறிக்கும். தமிழில் அந்தக் குழப்பம் இல்லை. ஏற்றுவது ஏற்றம், வாங்குவது கட்டணம். 'மின்னூட்டம்' என்பதை ஒரு பொருள் பெற்றிருக்கும் மின் தன்மைக்கே பாடநூல்கள் பயன்படுத்துவதால், வண்டிக்கு மின்சாரம் ஏற்றும் செயலை இக்கட்டுரையில் 'மின்னேற்றம்' என்றே எழுதுகிறேன்.

நம் நாட்டுப் புரோட்டோன் நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட இ.மாஸ் 7 வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் உயர்வகையில் உள்ள மின்கல அடுக்கு 60.22 யூனிட் கொள்ளும். அதில் ஐந்தில் ஒரு பங்கு எஞ்சியிருக்கும்போது தொடங்கி, ஐந்தில் நான்கு பங்கு வரை ஏற்றினால், ஏறும் அளவு 36 யூனிட். வீட்டுச் சுவரில் உள்ள சாதாரண மூன்று முள் பிளக்கின் வழியே ஏறத்தாழ 2.3 கிலோவாட்தான் வரும். அதற்குப் பதினாறு மணி நேரம் வேண்டும். சுவரில் பொருத்தும் 7.4 கிலோவாட் கருவிக்கு ஐந்து மணி நேரம். மும்முனை இணைப்பில் 11 கிலோவாட் கிடைத்தால் மூன்றேகால் மணி. நெடுஞ்சாலையில் உள்ள விரைவுக் கருவியிலோ ஏறக்குறைய அரை மணியில் வேலை முடிந்துவிடும். ஏற்றிய மின்சாரம் எல்லாவற்றிலும் அதே 36 யூனிட்தான். ஆற்றல் மாறவில்லை, திறன் மாறியது. ஆகவே, விலை வேறுபாட்டின் காரணத்தைத் திறனிடமே தேடவேண்டும்.

முதற் காரணம் கருவியிலேயே இருக்கிறது. நம் வீடுகளுக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம்; வழக்கில் ஏசி என்பர். மின்கலம் ஏற்றுக்கொள்வதோ நேர்திசை மின்னோட்டம், அதாவது டிசி. எனவே எங்கேனும் ஓரிடத்தில் முன்னதைப் பின்னதாக மாற்றியாக வேண்டும். மெதுவாக ஏற்றும்போது இந்த மாற்றம் வண்டிக்குள்ளேயே நடைபெறுகிறது. அதற்குரிய சிறு மாற்றி ஒவ்வொரு மின்வண்டியிலும் பொருத்தப்பட்டுள்ளது. சுவரில் தொங்கும் பெட்டி, பார்வைக்குப் பெரிதாயினும், உள்ளே இருப்பது காவலுடன் கூடிய ஒரு சுவிட்சுதான். அதனால்தான் அது மலிவு.

விரைவுக் கருவியின் கதை வேறு. நூறு கிலோவாட்டை மாற்றவல்ல இயந்திரத்தை வண்டிக்குள் சுமந்து திரிய முடியாது. ஆகையால் அது தரையில், நிலையத்தில் நிற்கிறது. அதற்கு உயர்ந்த மின்னணுத் துண்டங்கள் வேண்டும். குளிர்விக்கும் விசிறி வேண்டும். தடித்த கம்பி வேண்டும். கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிப்படி பெருகுவது நாம் அறிந்த விதி. 400 வோல்ட்டில் 50 கிலோவாட் செலுத்த 125 ஆம்பியர் போதும். 180 கிலோவாட் செலுத்த 450 ஆம்பியர் வேண்டும். மின்னோட்டம் மூன்றரை மடங்கு சொச்சம். அதே கம்பியில் வெப்பமோ பதின்மூன்று மடங்கு. ஆதலால் மிகுதிறன் நிலையங்கள் சிலவற்றில் கம்பிக்குள்ளேயே திரவத்தை ஓடவிட்டுக் குளிர்விக்கிறார்கள். இத்தனையும் பணம்.

நம் செர்டாங்குக்கு அண்டைப் பட்டணமான கூலிமுக்கும் இந்த விஷயத்தில் ஒரு தொடர்பு உண்டு என்பதை ஆசிரியர்கள் மாணவருக்கு மகிழ்வோடு கூறலாம். கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் ஜெர்மன் நாட்டு இன்பினியோன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் ஒரு புதிய ஆலையின் முதற் பகுதியைத் திறந்தது. அங்கே செய்யப்படுவன சிலிக்கன் கார்பைடு என்னும் பொருளாலான திறன் மின்னணுத் துண்டங்கள். மின்வண்டியிலும் விரைவு மின்னேற்றக் கருவியிலும் மின்சாரத்தை மாற்றுவதற்கு இத்தகைய துண்டங்கள் பயன்படுகின்றன. சாதாரணச் சிலிக்கனைவிட இவற்றில் வெப்பமாக வீணாவது குறைவு. விலைதான் கூடுதல். ரப்பர்ப்பால் எடுத்துப் பிழைத்த குடும்பத்துப் பிள்ளைகள் இன்று அப்பூங்காவின் ஆலைகளில் வேலை பார்க்கிறார்கள். மின்வண்டி அவர்களுக்குத் தூரத்து அதிசயம் அன்று.

கருவியின் விலை பெரிதுதான். ஆயினும் என் கருத்தில் அதனினும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அது மக்கள் கண்ணுக்குப் படுவதில்லை. அதுவே மின்சார நிறுவனம் நிலையத்தாரிடம் வாங்கும் கிலோவாட் கட்டணம்.

வீட்டுக்காரராகிய நாம் எத்தனை யூனிட் செலவிட்டோமோ அதற்கே பணம் கட்டிப் பழகியவர்கள். பெரிய வாடிக்கையாளர்களின் கணக்கு அப்படியன்று. 11,000 வோல்ட் போன்ற நடுத்தர மின்னழுத்தத்தில் இணைப்புப் பெறுவோர் இரண்டு விதமாகக் கட்ட வேண்டும். செலவிட்ட யூனிட்டுக்கு ஒன்று. அந்த மாதத்தில் எந்த அரை மணி நேரத்தில் அவர்கள் மிக அதிகமாக மின்சாரம் இழுத்தார்களோ, அந்த உச்ச அளவுக்கு மற்றொன்று. இந்த இரண்டாவதை உச்சத் தேவைக் கட்டணம் எனலாம்.

இது அநியாயம் என்று தோன்றலாம். சற்று எண்ணிப் பார்ப்போம். ஊரில் ஆண்டுக்கு ஒரு திருவிழா. அன்று ஆயிரம் பேருக்குச் சோறு வடிக்க வேண்டும் என்பதற்காகக் கோயிலார் பெரிய அண்டாக்களை வாங்கி வைத்துள்ளனர். மற்ற நாட்களில் அவை கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஆனாலும் அவற்றுக்குப் போட்ட முதல் முதல்தானே? மின்சார நிறுவனமும் அவ்வாறே. ஒரு நிலையம் எந்த நேரத்தில் 180 கிலோவாட் கேட்குமோ என்று, அதற்கேற்ற மின்மாற்றியையும் கம்பியையும் மின் நிலையத்தையும் நாள் முழுதும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். கேட்டாலும் செலவுதான், கேளாவிட்டாலும் செலவுதான்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 2025 ஜூன் வரை தீபகற்ப மலேசியாவில் நடத்தப்பட்ட கட்டண முறையில், நடுத்தர மின்னழுத்த வாணிபப் பொதுப் பிரிவினருக்கு யூனிட் ஒன்றுக்கு 36.5 காசும், உச்சத் தேவைக்கு மாதந்தோறும் கிலோவாட் ஒன்றுக்கு 30 வெள்ளி 30 காசும் விதிக்கப்பட்டன. ஒரு நிலையத்தில் ஒரே ஒரு விரைவுக் கருவி இருப்பதாகவும், ஒரு வண்டி வந்து அரை மணி நேரம் நின்று 30 யூனிட் ஏற்றிச் செல்வதாகவும் கொள்வோம். அரை மணியில் 30 யூனிட் என்றால் சராசரித் திறன் 60 கிலோவாட். உடனே அந்த மாதத்து உச்சத் தேவை 60 என்று மீட்டரில் பதிந்துவிடும். கட்டணம் 60 பெருக்கல் 30.30, அதாவது 1,818 வெள்ளி.

நாள்தோறும் இத்தகைய பத்து வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால், மாதத்தில் 9,000 யூனிட் விற்பனையாகும். 1,818 வெள்ளியை அதன்மேல் பரப்பினால் யூனிட்டுக்கு 20 காசு விழும். பெரிய சுமை இல்லை. நாளுக்கு இரண்டு வண்டிகள் மட்டுமே வந்தால் விற்பனை 1,800 யூனிட். சுமை யூனிட்டுக்கு ஒரு வெள்ளி 1 காசு. நாளுக்கு ஒன்றே வந்தால் இரண்டு வெள்ளி 2 காசு! மின்சாரத்தின் விலையாகிய 36.5 காசு எல்லாவற்றிலும் அப்படியே நிற்கிறது. அதற்கு மேலேறி உட்கார்ந்திருக்கும் சுமைதான் இருபது காசிலிருந்து இரண்டு வெள்ளியாக வளர்ந்துவிட்டது.

இக்கணக்கை நேயர்கள் ஒருமுறை தாளில் போட்டுப் பார்க்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். விரைவுக் கருவியின் மின்சாரம் விரைவினால் மட்டும் விலை ஏறுவதில்லை; விரைவும் வெறுமையும் சேரும்போதே மிகுதியாக ஏறுகிறது. கோலாலம்பூரில் வண்டிகள் வரிசை பிடித்து நிற்கும் நிலையத்தில் கருவி ஓய்வதில்லை. சுமை பலர் தோளில் இறங்குகிறது. நம் செர்டாங் போன்ற சிற்றூரில் அதே கருவியை நட்டால் அது பெரும்பகுதி நேரம் நிழலில் உறங்கும். கெடாவின் உட்பகுதிப் பட்டணங்களுக்கு விரைவு நிலையங்கள் மெல்ல வருவதன் காரணத்தை இங்கேதான் தேட வேண்டும் என்று நினைக்கிறேன்.

மெதுவான கருவிக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. குறைந்த மின்னழுத்தத்தில் இணைப்புப் பெறும் வாடிக்கையாளருக்கு ஏறத்தாழ எல்லாக் கட்டணமும் யூனிட் கணக்கிலேயே அமைகிறது. நாள் முழுதும் சும்மா இருந்தாலும் உச்சத் தேவை என்று ஒரு பூதம் மாதக் கடைசியில் வந்து கதவைத் தட்டாது.

2025 ஜூலை முதல் தேதி தொடக்கம் தீபகற்பத்தில் கட்டண அமைப்பே மாற்றப்பட்டது. ஆற்றலுக்கு ஒன்று, கொள்திறனுக்கு ஒன்று, கம்பி வலைக்கு ஒன்று, சில்லறை விநியோகத்திற்கு ஒன்று எனப் பில் பிரிந்து வரலாயிற்று. இது ஒருவகையில் நல்லதே. எதற்காக எவ்வளவு என்பது இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. நடுத்தர மின்னழுத்தப் பொதுப் பிரிவுக்குக் கொள்திறன் கட்டணம் கிலோவாட்டுக்கு 29 வெள்ளி 43 காசு என்றும், கம்பி வலைக் கட்டணம் 59 வெள்ளி 84 காசு என்றும் வகுக்கப்பட்டன. இரண்டையும் கூட்டினால் 89 வெள்ளி 27 காசு. ஆற்றலின் அடிப்படை விலையோ முன்னையினும் இறங்கியது. அதாவது யூனிட்டின் விலை குறைந்து, கிலோவாட்டின் விலை ஏறிற்று. நாள் முழுதும் ஒரே சீராக இயங்கும் ஆலைக்கு இம்மாற்றம் பெரும் பாதகம் ஆகாது. திடீரென்று இழுத்துத் திடீரென்று ஓயும் எவ்வகைத் தொழிலுக்கும் இது கடினமானது. விரைவு மின்னேற்றம் இயல்பிலேயே அவ்வகைப்பட்டது.

இந்திய அரசு இதனை வேறொரு வழியில் அணுகியுள்ளது. அந்நாட்டு மின்துறை அமைச்சகம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, பொது மின்னேற்ற நிலையங்களுக்கு வழங்கும் மின்சாரத்திற்கு 2028 மார்ச் 31 வரை ஒற்றைப் பகுதிக் கட்டணமே இருத்தல் வேண்டும். அதாவது யூனிட்டுக்கு மட்டும் விலை, கிலோவாட்டுக்குத் தனி விலை இல்லை. அன்றியும், சூரிய ஒளி மிகுந்த காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை சராசரி வழங்கு செலவில் பத்தில் ஏழு பங்கும், மற்ற நேரத்தில் பத்தில் பதின்மூன்று பங்கும் வாங்கலாம் என்பது நெறி. தமிழ்நாட்டில் நெடுஞ்சாலை ஓரம் கடை விரித்திருக்கும் நிலையத்தார்க்கு இது நிம்மதி. ஆயின் மின்மாற்றியும் கம்பியும் இலவசமாக வந்துவிடுவதில்லை அன்றோ? அச்செலவை அங்கே மற்ற வாடிக்கையாளர் அனைவரும் பகிர்ந்துகொள்கின்றனர் என்பதே அதன் பொருள். விரைவின் விலை மறைவதில்லை. ஒருவர் கணக்கிலிருந்து மற்றொருவர் கணக்குக்கு மாறுகிறது.

இனி, வண்டிக்காரரிடம் பணம் வாங்கும் முறைக்கு வருவோம். இதிலேதான் அறியாதவர் ஏமாறும் இடம் உண்டு.

நம் நாட்டில் தொடக்கத்தில் மெதுவான கருவிகளே பரவின. சார்ஜ் ஈவி என்னும் வலையமைப்பில் ஆண்டுக்கு 240 வெள்ளி உறுப்பினர் சந்தா கட்டிவிட்டு வேண்டும் அளவு ஏற்றிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. விரைவுக் கருவிகள் வந்தபோது நிமிடக் கணக்கு வந்தது. 1990-ஆம் ஆண்டு மின் விநியோகச் சட்டத்தின்படி மின்சாரத்தை யூனிட் கணக்கில் விற்க உரிமம் வேண்டும். உரிமம் பெறாத நிலையத்தார் 'நாங்கள் மின்சாரம் விற்கவில்லை, சேவைதான் விற்கிறோம்' என்ற நிலையில் நேரத்திற்குப் பணம் வாங்கினர். 2022-இல் வட தென் நெடுஞ்சாலையின் ஷெல் நிலையங்கள் சிலவற்றில் நிறுவப்பட்ட 180 கிலோவாட் கருவிகளுக்கு ஐந்து நிமிடத்திற்கு 20 வெள்ளி, அதாவது நிமிடத்திற்கு 4 வெள்ளி என்று விலை வைத்தனர்.

நிமிடத்திற்கு 4 வெள்ளி என்பது யூனிட்டுக்கு எவ்வளவு? இதற்கு விடை வண்டியைப் பொறுத்தது. 180 கிலோவாட்டை முழுதும் விழுங்கவல்ல விலையுயர்ந்த வண்டி, நிமிடத்திற்கு 3 யூனிட் ஏற்றிக்கொள்ளும். அதன் உடைமையாளர் யூனிட்டுக்கு 1 வெள்ளி 33 காசு கொடுத்தவர் ஆகிறார். 80 கிலோவாட் மட்டுமே ஏற்கும் நடுத்தர வண்டிக்கு நிமிடத்திற்கு ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்று மேல்தான் ஏறும். யூனிட் விலை 3 வெள்ளி. ஒரே கருவி, ஒரே நிமிடக் கட்டணம். எளிய வண்டிக்காரர் இரு மடங்குக்கும் மேல் கொடுக்கிறார்! இ.மாஸ் 7 வண்டியின் தொடக்க வகை 80 கிலோவாட்டும், உயர்வகை 100 கிலோவாட்டுமே அதிக அளவாக ஏற்கும் என்பதை நினைவில் கொள்க. அவற்றை 180 கிலோவாட் கருவியில் செருகினாலும், 350 கிலோவாட் கருவியில் செருகினாலும் வேகம் கூடாது. சிறிய வாய் உடைய குடத்தை அருவியின் கீழ் வைத்த கதைதான்.

அதோடும் முடியவில்லை. ஏற்றத் தொடங்கியபோது இருந்த வேகம் கடைசி வரை நிற்பதில்லை. அன்னதானப் பந்தியில் முதலில் நுழைபவர்கள் விருப்பம்போல் இடம் பார்த்து அமர்ந்துவிடுவர். பந்தி நிரம்ப நிரம்ப, பின்னால் வருபவர் எங்கே இடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டு நகர வேண்டும். நெருக்கித் தள்ளினால் இலை கிழியும். மின்கலத்துக்குள் லித்தியம் அயனிகள் இடம் பிடிப்பதும் ஏறக்குறைய இவ்வாறே. நிறையும் தறுவாயில் அவசரப்படுத்தினால், உள்ளே செல்ல இடம் பெறாத லித்தியம் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்து மின்கலத்தைக் கெடுக்கும். ஆகவே வண்டியின் காவற் கருவி, ஐந்தில் நான்கு பங்கு நிறைந்தபின் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு போகிறது. இறுதிக்கட்டத்தில் 30 கிலோவாட் அளவுக்கு இறங்கிவிட்டால், நிமிடத்திற்கு அரை யூனிட்தான் ஏறும். நிமிடம் 4 வெள்ளி என்ற கணக்கில் அது யூனிட்டுக்கு 8 வெள்ளி!

நல்லவேளையாக, எரிசக்தி ஆணையம் நிலையத்தாருக்கு உரிமம் வழங்கத் தொடங்கியபின் யூனிட் கணக்கே பெரும்பாலும் வழக்கத்திற்கு வந்துவிட்டது. வாங்குவோருக்கு நேர்மையான கணக்கு அதுவே என்பது என் துணிபு. ஆனால் விற்போர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. யூனிட்டுக்கு மட்டும் வாங்கினால், மெதுவாக ஏற்றும் வண்டி ஒன்று மணிக்கணக்கில் கருவியை அடைத்துக்கொண்டு நிற்கும். பின்னால் வருபவர் திரும்பிப் போவார். கருவி வெறுமையாக இருந்தால் சுமை எவ்வாறு ஏறும் என்பதை மேலே கண்டோம். அதனால்தான் ஏற்றி முடித்த பின்னும் எடுக்காத வண்டிக்கு நிலையத்தார் சிலர் தண்டக் கட்டணம் வைக்கின்றனர். டெஸ்லா நிறுவனம் 2023-இல் மலேசியாவில் தன் விரைவு நிலையத்தைத் திறந்தபோது யூனிட்டுக்கு 1 வெள்ளி 25 காசும், வீணே நிற்கும் வண்டிக்கு நிமிடத்திற்கு 4 வெள்ளியும் விதித்தது. அந்நிறுவனத்தின் கருவி, மற்றவர் பலருடைய கருவிகளைவிட விரைவானது. யூனிட் விலையோ மற்றவர் பலரினும் குறைவு. விரைவு கூடினால் விலை கூடியே தீரும் என்பது இயற்கை நியதி அன்று என்பதற்கு இது சான்று.

மெதுவான ஏற்றத்திலும் மறைவான செலவு ஒன்று உண்டு. வண்டிக்குள் இருக்கும் சிறு மாற்றி, வரும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு வரை வெப்பமாக இழக்கக்கூடும். மெதுவான கருவியின் மீட்டர் அந்த மாற்றிக்கு முன்னால் நிற்பதால், இழப்பும் வண்டிக்காரர் தலையில்தான். விரைவுக் கருவியில் மாற்றம் நிலையத்திலேயே நடந்துவிடுவதால் வழக்கமாக வெளிவரும் மின்சாரத்தையே அளக்கின்றனர். ஆகவே ஒரு வெள்ளி என்று எழுதிய மெதுவான யூனிட், உண்மையில் 1 வெள்ளி 10 காசுக்கு அருகில் இருக்கலாம். வேறுபாடு சிறிது, எனினும் கணக்கு கணக்குத்தானே.

பயணச் செலவாகப் பார்த்தால் இவை எங்கே வந்து நிற்கின்றன? மின்வண்டி நூறு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 15 யூனிட் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஏற்றினால் செலவு 6 வெள்ளி 70 காசு. பொது இடத்து மெதுவான கருவியில் 15 வெள்ளி. விரைவுக் கருவியில் யூனிட் 1 வெள்ளி 60 காசு எனக் கொண்டால் 24 வெள்ளி. நூறு கிலோமீட்டருக்கு ஆறு லிட்டர் குடிக்கும் சிறிய பெட்ரோல் வண்டிக்கு, 2025 செப்டம்பர் 30-இல் தொடங்கிய சலுகைத் திட்டத்தின் 1 வெள்ளி 99 காசு விலையில், 12 வெள்ளிதான். வீட்டில் ஏற்றுபவர் பெட்ரோல்காரரைக் காட்டிலும் பாதிச் செலவில் ஓடுகிறார். விரைவு நிலையத்தையே நம்பியிருப்பவர் இரட்டிப்புச் செலவில் ஓடுகிறார். மின்வண்டி மலிவா, அன்றா என்று தேநீர்க் கடையில் நடக்கும் வாக்குவாதத்தில் இரு தரப்பாரும் மெய்யே பேசுகிறார்கள். அவரவர் எங்கே ஏற்றுகிறார் என்பதைச் சொல்லாமல் பேசுவதே சண்டைக்குக் காரணம்.

வீட்டில் ஏற்றுவது யாருக்கு இயலும் என்ற கேள்வி இங்கே எழுகிறது. சொந்த வீடும், வாசலில் வண்டி நிறுத்த இடமும், தம் பெயரில் மீட்டரும் உடையவருக்கு இயலும். அடுக்குமாடியில் எட்டாம் மாடியில் குடியிருப்பவருக்கு இயலாது. வாடகை வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டியவர். தோட்டத்து வீட்டில் குடியிருக்கும் தொழிலாளிக்கு வீடு நிர்வாகத்தினுடையது. வசதி உள்ளவர் 44 காசுக்கு ஓட்ட, வசதி குறைந்தவர் ஒன்றரை வெள்ளிக்கு ஓட்டவேண்டிய நிலை இதனால் உண்டாகிறது. மின்வண்டிகளின் விலை இறங்கி, பழைய வண்டிகளாகக் கைமாறி நம்மவரிடம் வந்து சேரும் நாளில் இது இன்னும் கூர்மையாகும்.

இதற்கு மருந்து விரைவான கருவி அன்று, மெதுவான கருவியே. 2021-இல் வகுக்கப்பட்ட அரசின் குறைந்த கரிமப் போக்குவரத்துத் திட்டம், 2025 முடிவதற்குள் 10,000 பொது மின்னேற்றிகள் என்று இலக்கு வைத்தது. அவற்றுள் 9,000 மெதுவானவை, 1,000 விரைவானவை. நடந்தது என்ன? விரைவானவை ஆயிரத்தைத் தாண்டின. மெதுவானவை இலக்கை எட்டாததால் மொத்த இலக்கும் எட்டப்படவில்லை. இலாபம் தேடும் முதலாளி விரைவுக் கருவியை நாடுவது இயல்பே; நெடுஞ்சாலையில் வருபவர் அவசரத்தில் இருக்கிறார், கேட்ட விலையைக் கொடுக்கிறார். மெதுவான கருவியோ நாள் முழுதும் நின்று சில வெள்ளிகளே ஈட்டும். ஆனால் சாதாரணக் குடும்பத்தின் அன்றாட ஓட்டத்திற்கு வேண்டியது அந்தச் சில வெள்ளிக் கருவிதான்.

வண்டி ஒன்று நாளில் பெரும்பகுதி நின்றுகொண்டே இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கூலிமிலிருந்தும் பாரிட் புந்தாரிலிருந்தும் இப்பக்கத்துத் தோட்டப் பள்ளிகளுக்கு வரும் ஆசிரியர்களின் வண்டிகள், காலை ஏழரை முதல் பிற்பகல் இரண்டரை வரை செம்பனை நிழலில் சும்மா நிற்கின்றன. ஏழு மணி நேரம்! அந்நேரத்தில் சாதாரண மூன்று முள் பிளக்கிலிருந்து 2.3 கிலோவாட் வீதம் ஏற்றினாலும் 16 யூனிட் ஏறிவிடும். நூறு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அது போதும்; வந்து திரும்பும் தூரம் அதில் பாதிகூட இராது. மருத்துவமனை, ஆலை, கோயில் வளாகம், தோட்ட அலுவலகம் ஆகியவற்றுக்கும் இதே கணக்குப் பொருந்தும். அங்கே யாருக்கும் 180 கிலோவாட் தேவையில்லை.

ஆனால் பிளக்கைச் செருகிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. பழைய கட்டடங்களின் கம்பிகள் விளக்குக்கும் விசிறிக்கும் போடப்பட்டவை. ஏழு மணி நேரம் இடைவிடாமல் 10 ஆம்பியர் இழுப்பதற்கு அல்ல. சூடேறிய பிளக் உருகித் தீப்பற்றும் அபாயம் உண்டு. ஆகவே தகுதி பெற்ற மின்வினைஞர் வந்து பார்த்து, தனி இணைப்பும் கசிவுத் துண்டிப்பானும் பொருத்தித் தந்த பின்னரே தொடலாம். வெயில் நேரத்துச் சூரிய மின்தகடுகள் கூரையில் இருந்தால் இன்னும் நன்று. அதற்குப் பின்னும் ஒரு கேள்வி மீதம் உள்ளது. 16 யூனிட்டுக்கு நாளொன்றுக்கு ஏழு வெள்ளி சொச்சம் ஆகிறது. பள்ளிக்கூடத்து மின்சாரப் பில்லில் அதனை ஏற்ற முடியாது. ஏற்றுபவரே கட்ட வேண்டும். கட்டியதற்குச் சிறு மீட்டர் ஒன்றும், பெயர் எழுதும் புத்தகம் ஒன்றும் வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதை முன்வைக்க எண்ணுவோர், முதலில் அந்தப் புத்தகத்தை யார் வைத்துக்கொள்வது என்பதை முடிவு செய்துகொண்டு போவது நல்லது.